ஒரு கோட்டை அழித்தபோது

“கலர் அடிச்சா மெஷின் ஓடிருமாம்மா?” என்று, ஷிப்ட் திட்டம் போட நான் எடுத்த கலர் பென்சில்களைப் பார்த்து சூப்பர்வைசர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். ஓசூரில் நான் வேலை செய்யும் கம்பெனியில் நடந்தது இது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய வேலைகள் நான்கு. இருந்தது மூன்று ஷிப்ட். முடியாவிட்டால் ஞாயிறும் வர வேண்டும். அந்த ஞாயிறுதான் என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லா அக்காவின் மகள் தேவாலயத்தில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா.

கல்லூரியில் கற்ற முறைப்படி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புள்ளி வைத்தேன். ஒரே கருவி தேவைப்படும் இரண்டு வேலைகளைக் கோட்டால் இணைத்தேன். இணைந்த புள்ளிகளுக்கு ஒரே நிறம் கூடாது; ஒரு நிறம் என்பது ஒரு ஷிப்ட். ஆனால் நான்கு புள்ளிகளும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. எப்படி மாற்றிப் போட்டாலும் மூன்று நிறம் போதாது.

“விடு கண்ணு, அவங்கப்பா கூட்டிட்டுப் போகட்டும்,” என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

நிறத்தைக் கூட்ட முடியாது. கோட்டைக் குறைத்தால்? ஒரு கோடு இருந்ததற்குக் காரணம், அந்த இரண்டு வேலைகளுக்கும் சேர்த்து அளவு பார்க்கும் கேஜ் ஒன்றே ஒன்று இருந்ததுதான். பக்கத்துப் பிரிவுக்கு ஓடி, அரைகுறைக் கன்னடத்தில் இன்னொரு கேஜ் கேட்டேன்.

“கன்னடத்தைக் கொல்லாதம்மா, எடுத்துட்டுப் போ!” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார் அங்கிருந்தவர்.

அந்தக் கோட்டை அழித்தேன். மூன்று நிறம் போதுமானதாகிவிட்டது. ஞாயிறு ஷிப்ட் ரத்தானது.

முடியாது என்று கணக்கு சொன்னால் அதோடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். எந்தக் கதவைத் தட்டுவது என்பதையும் அதுதான் காட்டியது. எங்கள் கம்பெனியிலேயே பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருக்கும் பெண்களுக்கு இன்னும் ஞாயிறு வேலை இருக்கிறது. திங்கட்கிழமையே கலர் பென்சில்களோடு அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.