பத்தாவது முன்மொழிபவர்

நூம்பல் சாலையில், மழைத்தண்ணீருக்கு நடுவே என் ஸ்கூட்டர் மூன்றாவது முறையாக நின்றுபோன அன்றுதான் சட்டமன்றத் தேர்தலில் நிற்பது என்று முடிவு செய்தேன். முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டே எடுத்த முடிவு. யாரிடமும் யோசனை கேட்க நேரமில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர், "முதல்ல காலைக் கழுவிட்டு வா" என்றார். எனக்கு வந்ததே கோபம்! அதே கோபத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டேன்.

அப்போது நான்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எங்கள் குடியிருப்பில் பெரும்பாலும் மதுரை, நெல்லை, சேலம் என்று ஊர் ஊராக வந்து ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். அறிவித்த ஐந்தாவது நிமிடமே கட்டைவிரல்களும் கைதட்டல்களும் வந்து விழுந்தன. 'வருங்கால எம்எல்ஏ' என்று ஒருவர் போட்டிருந்ததைப் பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன். பொய் சொல்வானேன், எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சுயேச்சையாக நிற்பவரை அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். குழுவில் கேட்டேன். போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். வாக்காளர் பட்டியலில் தங்கள் பாகம் எண், வரிசை எண் எல்லாம் பிசகாமல் அனுப்பி, படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் காலை பதினொரு மணிக்கே, பட்டுப்புடவை சரசரக்கப் பூந்தமல்லியில் தேர்தல் அலுவலகத்தில் போய் நின்றேன்.

உதவி மேசையில் இருந்த அம்மாள் விதிகளை ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு, எண்களைக் கணினியில் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

"மேடம், இதுல எட்டு பேர் நம்ம தொகுதி வோட்டரே இல்லையே?"

முதல் ஆளுக்குப் போன் போட்டேன். கூசாமல் சொன்னார்: "ஓட்டு ஊர்லதாங்க இருக்கு. ஓட்டுப் போடுற சாக்குல அம்மாவையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுவோம்ல?" இரண்டாமவருக்குத் தென்காசியில். மூன்றாமவருக்கு ஆத்தூரில். எல்லாரும் எண்ணை அனுப்பினார்கள். எந்தத் தொகுதியின் எண் என்று அவர்களும் சொல்லவில்லை, புத்திசாலி நானும் கேட்கவில்லை. தேறியது தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதி மட்டும்தான். மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

புதுப் படிவம் வாங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். என்னைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, அதுக்குள்ள முட்ச்சிகினு வந்துட்ட?"

சொன்னேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அவர் கிளாஸை வைத்தார்.

"எட்டு பேர்தானே? நம்ப பேட்டைல பொறந்தவன் எவனுக்கு ஓட்டு இல்ல? ஏறு. மொத ஆளு நானு."

வேலப்பன்சாவடி நெரிசலில் அவர் புகுந்து புறப்பட்ட விதத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. தரைத்தளத் தம்பதியிடம் மறுபடி கையெழுத்து வாங்கிக்கொண்டு, எங்கள் மதில்சுவருக்குப் பின்னால் ஆட்டோக்காரர் குடியிருந்த சந்துக்குள் நுழைந்தோம். ஐந்து வருடமாகப் பால்கனியிலிருந்து பார்த்த சந்து. கால் வைத்தது அன்றுதான். ஆட்டோக்காரர், அவர் மனைவி, டீக்கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், தையல்கடை பாய். பாய் தன் இரண்டு தம்பிகளையும் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார். ஒவ்வொருவர் பெயரையும் போனில் சரிபார்த்தேன். எல்லாம் எங்கள் தொகுதி! ஒன்பது ஆயிற்று. மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மணி ஒன்றே முக்கால்.

"மீன்காரம்மா ஊட்ல கீது" என்றார் ஆட்டோக்காரர். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

காரணம் இருந்தது. அந்த அம்மா முன்பெல்லாம் சாயங்காலம் எங்கள் கேட்டின் ஓரமாகத்தான் மீன் விற்பார். நாற்றம் அடிக்கிறது என்று குழுவில் புகார் வந்ததும், போன வருடம் நான்தான் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் ஒட்டி, வாட்ச்மேனை விட்டு எழுப்பினேன். இப்போது சந்துக்கடைசியில் தன் வீட்டு வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். வாங்க ஓர் ஆள் இல்லை.

என்னைப் பார்த்ததும் கேட்டார்: "இன்னா, இங்கயும் குந்தக் கூடாதா?"

ஆட்டோக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா சிரித்தார்.

"எனுக்கு எழுத வராதும்மா. கைநாட்டுதான்."

கைநாட்டு என்றால் தேர்தல் அதிகாரியின் கண் முன்னால் வைக்க வேண்டும். காலையில் கேட்ட விதிகளில் அதுவும் ஒன்று. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்போ என்னைக் கூட்டிகினு போவணும். ஆட்டோல பக்கத்துல குந்த வெச்சிகினு?"

"ஆமாம்மா. அன்னைக்கு நான் பண்ணது தப்பு. காரியம் ஆகணும்னு சொல்லலை..." சொல்லும்போதே எனக்கே அது பொய்யாகப் பட்டது. "இல்லை, காரியம் ஆகணும்னுதான் சொல்றேன். ஆனா தப்பு தப்புதான்."

அந்த அம்மா கூடையைச் சாக்கால் மூடினார், கையைக் கழுவினார், கொண்டையை முடிந்துகொண்டார். "சாய்ந்தரம் உன் கேட்டாண்ட கடை போடுவேன். எவனும் கேக்கக் கூடாது."

"எவனாவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க" என்றேன்.

இரண்டு ஐம்பதுக்கு அதிகாரியின் அறைக்குள் நுழைந்தோம். அதிகாரி ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். நான் முறைத்த முறைப்பில் சட்டென்று மைப்பெட்டியைத் திறந்தார்.

"யாரை முன்மொழியறீங்கன்னு தெரியுமாம்மா?"

"தெரியாம இன்னா சார்? என்னை எழுப்பி உட்டதே இந்தம்மாதான்."

அறையே சிரித்தது, நானும்தான். அந்தக் கட்டைவிரல் படிவத்தில் அழுந்தியபோது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. உறுதிமொழி வாசிக்கச் சொன்னார்கள். பக்கத்து அறைக்குக் கேட்கும்படி வாசித்தேன். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் விசில் அடித்தார். போலீஸ்காரர் அதட்டினார். அவருக்கும் ஒரு வணக்கம் போட்டேன்.

சாயங்காலம் இன்டர்காம் அடித்தது. வாட்ச்மேன். "மேடம், மீன்காரம்மா மறுபடி வந்து குந்திகினு கீது. இன்னா பண்றது?" அதற்குள் குழுவில் புகார்கள் ஏறியிருந்தன. 'மறுபடியும் நாற்றம். செயலாளர் கவனிக்கவும்.' நான்கு பேர் போட்டிருந்தார்கள். நான்கு பேருக்கும் ஓட்டு ஊரில். 'அந்த அம்மா என்னை முன்மொழிந்தவர். அங்கேதான் உட்காருவார்' என்று எழுதிவிட்டு, பட்டுப்புடவையோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

"இன்னா, மீன் வாங்க வந்தியா, ஓட்டு கேக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தாம்மா."

"சங்கரா கீது, எடுத்துக்கோ" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். "ஓட்டப் பத்தி இன்னும் யோசிக்கல. நெதமும் வா, பாக்கலாம்."