சீமெண்ணெய் இல்லாத மாலைகள்

உலகச் சண்டை தொடங்கி இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, சரியாக நினைவில்லை. முக்கூடல் கடைத்தெருவுக்குச் சீமெண்ணெய் வருவது குறைந்துகொண்டே வந்து, ஐப்பசி மாதத்தில் அடியோடு நின்றுவிட்டது. எண்ணெய்க்கடை அண்ணாச்சி வெறும் தகரத்தைத் தட்டிக் காட்டினார்.

"தூத்துக்குடிக்குக் கப்பல் வந்தாத்தானம்மா எனக்கு வரும். நான் என்ன செய்ய?"

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த என் கணவர், கணவனை இழந்து எங்களோடு வந்து தங்கியிருந்த அவருடைய அக்கா. அவர்களை நான் மதினி என்று கூப்பிடுவேன். எனக்கு அப்போது இருபது வயது. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். கண்ணாடிச் சிம்னி போட்ட விளக்கு இல்லாத மாலையை அதுவரை நான் பார்த்ததே இல்லை. என் கலக்கம் மதினிக்கு வேடிக்கையாக இருந்தது.

"நாங்கல்லாம் புன்னக்கா எண்ணெ வெளக்குலதான் வளந்தோம். அதுல படிச்சுத்தான ஒன் மாப்பிள வாத்தியாரு ஆனான்" என்றார்கள்.

நான் விடவில்லை. இருட்டை எதிர்கொள்ள வீட்டைத் தயார்செய்வது என்று முனைந்துவிட்டேன். பொழுது சாயும் முன்பே சமையலை முடித்தேன். ஆற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து பானைகளை வெளிச்சத்திலேயே நிரப்பினேன். தீப்பெட்டிக்குச் சுவர் மாடத்தில் ஓர் இடம்; அங்கிருந்து யாரும் எடுத்துப் போகக் கூடாது. புன்னை எண்ணெய் புகையும், நாற்றமும் அடிக்கும். ஆனாலும் அதில் ஒரே ஓர் அகலை நடுவீட்டில் ஏற்றி வைத்தேன். மிச்சமிருந்த அரைப் புட்டி சீமெண்ணெயைப் பாம்பு, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் ஆகும் என்று துணியில் சுற்றி வைத்தேன். கடைசியாக நடுவீட்டில் கிடந்த மரப்பெஞ்சையும் வாசலை ஒட்டிய சுவரோரம் இழுத்துப் போட்டேன். இருட்டில் யாரும் அதில் முட்டிக்கொள்ளக் கூடாதே என்ற எண்ணம்தான்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்த என் கணவர், அந்தப் பெஞ்சிலேயே மோதிக் குப்புற விழுந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

"யாருளா பெஞ்ச இங்கன போட்டது? ஒரு பொருள வச்ச எடத்துல வைக்க மாட்டீயளா?"

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. வெளியே இன்னும் முழுதாக இருட்டவில்லை. வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது. அகலும் எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய பெஞ்சு எப்படித் தெரியாமல் போகும்?

அதற்குப் பிறகு நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டாளிகளோடு ஆற்றங்கரைக்குப் போகிறவர், இப்போதெல்லாம் வெயில் இருக்கும்போதே வீடு வந்துவிடுவார். வேதக்கோயிலில் சாயங்கால ஆராதனை முடிந்து திரும்பும்போது, வழி சேறாக இருக்கிறது என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் தெருவில் அப்படி யாரும் பிடிப்பதில்லை. எனக்கு வெட்கமாகவும் உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. குடும்ப ஜெபத்தின்போது வேதப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார். வாசிப்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமான பகுதிகளாகவே இருந்தன. பக்கம் மட்டும் புரளவே புரளாது.

ஒருநாள் விளக்கு வைத்த பிறகு அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். செம்பை நீட்டிக்கொண்டு பேசாமல் நின்றேன். வேண்டுமென்றேதான் நின்றேன். அவர் கை என் இடது பக்கம் போய்க் காற்றைத் துழாவியது. அவரை அப்படிச் சோதித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

"ஒங்களுக்குக் கண்ணு தெரியலயா?" என்று கேட்டேன்.

செம்பைத் தடவி வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "பைய பேசு. அக்கா காதுல விழுந்துரும்" என்றார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு மூணு மாசமா. பகல்ல ஒண்ணுமில்ல. பொழுது அடஞ்சா எல்லாம் கரி பூசுனாப்புல ஆயிருது. பெரிய வெளக்கு எரிஞ்சப்ப எப்படியோ சமாளிச்சேன். இப்ப முடியல."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"எங்க அய்யாவுக்கும் கடைசில கண்ணு போச்சு. எனக்கும் அதான்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல வச்சிருப்பாவளா? ஒங்கிட்ட சொன்னா நீ பயந்துதான் போவ."

வாசலிலிருந்து கட்டில்வரை எத்தனை எட்டு, அடுப்படிக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று அவர் எண்ணி வைத்திருந்தார். பெஞ்சு அவருக்கு அடையாளம். அதில் கை வைத்துத்தான் அவர் திசை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைத்தான் நான் நகர்த்தியிருந்தேன்.

மறுநாளே பெஞ்சைப் பழைய இடத்தில் போட்டேன். பின்வாசலிலிருந்து கிணற்றடிவரை தென்னை நாரில் திரித்த கொச்சக்கயிறு ஒன்றைக் கட்டினேன். துணி காயப்போடக் கொடி கட்டத்தான் என்று மதினியிடம் சொல்லிவைத்தேன். இருட்டிய பிறகு அறையைக் கடக்கும்போதெல்லாம், "நான் இங்கன நிக்கேன்", "அடுப்படிக்குப் போறேன்" என்று சும்மா சொல்லிக்கொண்டே நடந்தேன். "என்ன இவ, தானாப் பேசுதா?" என்று மதினி கேட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வர அவர் சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, நானே வண்டிக்குச் சொல்லிவிட்டேன். மாடு பூட்டி வாசலில் வந்து நின்ற பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. என் அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்று மதினியிடம் சொல்லிக் கிளம்பினோம்.

பாளையங்கோட்டையில் எங்களைப் பார்த்தவர் வயதான டாக்டர். கண்ணை விரித்துப் பார்த்தார், விளக்கைக் காட்டினார், நிறையக் கேள்வி கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இவர் என்ன சாப்பிடுகிறார்?" என்றார்.

நான் பெருமையாகவே சொன்னேன். சித்திரையில் அவருக்கு வயிற்றுக்கடுப்பு வந்து பிழைத்ததே பெரிய காரியம். அன்றிலிருந்து நான் பத்தியம் தவறவிட்டதில்லை. வடித்த கஞ்சி, சுட்ட அப்பளம், நார்த்தங்காய். பால் இல்லை, நெய் இல்லை, மீன், முட்டை, கீரை எதுவுமே இல்லை. கொஞ்சம் மோராவது ஊற்று என்று மதினி எத்தனையோ தடவை சொல்லியும் நான் கேட்கவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வயிற்றுக்கு ரெண்டு வாரப் பத்தியம் போதுமே அம்மா. ஆறு மாதமாகக் கண்ணைப் பட்டினி போட்டிருக்கிறீர்களே. இது மாலைக்கண். சாப்பாடு சரியானால் சரியாகிவிடும்."

மீன் எண்ணெய் ஒரு புட்டி கொடுத்தார். ஆட்டு ஈரல், முருங்கைக்கீரை, பால் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் மீன் எண்ணெய்ப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்து வந்தவரை மறுபடி இழந்துவிடக் கூடாது என்ற பயத்தில் ஒவ்வொரு வேளையும் கஞ்சியை நானே வடித்தேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் செய்ததால் குடித்தார். நான் பயப்படக் கூடாதென்று கண் தெரியாததை மறைத்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை மாதம் நாங்கள் பேசியதெல்லாம் என்ன என்று யோசித்தபடி வந்தேன்.

"நல்லதுக்குத்தான செஞ்ச" என்றார் அவர்.

"வேணும்னா திட்டுங்க. இப்படிச் சொல்லாதீய."

அவர் திட்டவில்லை. ஆனால் கொஞ்சம் கழித்து, "அந்த நார்த்தங்கா மட்டும் இனிமே வேண்டாம். பாத்தாலே கொமட்டுது" என்றார். ஆறு மாதத்தில் அவர் சொன்ன முதல் குறை அதுதான். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். என்னை ஒரு பாட்டம் ஏசித் தீர்த்துவிட்டு, ஈரல் வாங்க அவர்களே கிளம்பினார்கள். மீன் எண்ணெய் வாடை புன்னை எண்ணெய் வாடையைத் தோற்கடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் அதைக் குடிப்பார்.

மூன்று வாரம் போயிருக்கும். மழை விட்ட ஒரு சாயங்காலம், விளக்கு ஏற்றும் நேரம். அவர் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏளா, ஆடு வேலிக்குள்ள நொழையுது பாரு. வெரட்டு" என்றார்.

ஓடிவந்து பார்த்தேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம், மங்கலில், பக்கத்து வீட்டுக் கறுப்பு ஆடு. எனக்கே சட்டென்று தெரியவில்லை. அவர் கை சரியாக அதை நோக்கி நீண்டிருந்தது. நான் விரட்டப் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவரும் நகரவில்லை. ஆடு நிதானமாக அவரைக்கொடியைத் தின்றுகொண்டிருந்தது. உள்ளேயிருந்து மதினி, "ரெண்டு பேரு நிக்கீய, ஒரு ஆட்ட வெரட்ட முடியலயா?" என்று கத்திக்கொண்டே விளக்குமாறோடு ஓடினார்கள்.