தேசிக்காய் உருண்ட இடம்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம். நாங்கள் போரால் இடம்பெயர்ந்து வன்னியில் விசுவமடுவுக்கு வந்து இரண்டு வருடமாகியிருந்தது. தனியாக இருக்கும் முதியவர்களின் விவரம் எடுக்கும் வேலையை ஊர்ச் சங்கம் என்னிடம் தந்தது. முன்பு பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் என்பதால் என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

சின்னத் தெருவான எங்கள் ஒழுங்கையில் அப்படி இருந்தவர் ஒருவர்தான். லொறி ஓட்டி ஓய்ந்தவர், வயது எழுபத்தாறு. மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். சாப்பாடு கிடைக்கிறதா, தண்ணீர் அள்ள ஆள் உண்டா, மருந்து எடுக்கிறாரா. எல்லாவற்றுக்கும் ஒரு குறையுமில்லை என்றார். பொய்யாகவும் தெரியவில்லை. மூன்று வீடுகளிலிருந்து அவருக்குப் புட்டு வந்தது. எந்த வீட்டுப் புட்டு மிஞ்சியது என்று எவரும் அறியக்கூடாது என்பதில் அவர் காட்டிய கவனத்தால், மிச்சத்தையெல்லாம் தின்று வளவு நாய் கொழுத்தது. 'குறை எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அந்த மூன்று வீடுகளில் முதல் வீடு பக்கத்து வளவு அக்காவினுடையது. கணவரை இழந்தவர். மகளுக்கு அந்த மாதக் கடைசியில் கலியாணம். பந்தலில் பெரியவராக லொறிக்காரர் இருக்கவேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். கேட்டபோதெல்லாம் அவர் "பாப்பம்" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு 'வரமாட்டேன்' என்று பொருள். அக்கா கொதித்துப்போனா. கடைசி முயற்சியாக, தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சைத் தேசிக்காயோடு மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனா.

மகள் காலில் விழுந்தாள். அவர் இரண்டு கால்களையும் சட்டென்று உட்கார்ந்திருந்த கதிரைக்கு அடியில் இழுத்து, கட்டியிருந்த சாரத்தால் மூடிக்கொண்டார். அவள் தொட்டது சீமெந்தைத்தான். கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் விழுந்தாள். கால்கள் இன்னும் உள்ளே போயின.

"ரெண்டு வருசமா என்ர குசினிச் சாப்பாடு. என்ர பிள்ளைக்கு ஆசீர்வாதம் தரேலாதோ?" என்று அக்கா தட்டத்தை நிலத்தில் அடித்து வைத்தா. தேசிக்காய் துள்ளி உருண்டு கதிரைக்கு அடியில் போனது. அதை எடுக்க நான் தவழ்ந்தேன்.

அங்கேதான் பார்த்தேன். பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, ஆட்டுக்கொம்பு போல வளைந்து, அடுத்த விரலில் குத்தியிருந்தது. மற்ற நகங்களும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தன. எந்தச் செருப்புக்குள்ளும் நுழையாத கால்கள். அந்த வயதில் குனிந்து நகம் வெட்ட எந்த இடுப்பு விடும்? படிவத்தில் கால் பற்றிக் கேள்வியே இல்லை.

நான் எழும்பத் தாமதித்தேன். தேசிக்காய் முல்லைத்தீவுக்கே போய்விட்டதோ என்று அக்கா கேட்டா. நீங்களும் ஒருக்கா குனிந்து பாருங்கோ என்றேன். அக்கா குனிந்தா. மகளும் குனிந்தாள். மூன்று பேர் காலடியில் கிடக்க, ஐயா வரம் கொடுக்க விரும்பாத சாமி போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழும்பி வீட்டுக்குப் போய், ஒரு பேசின் சுடுதண்ணீரோடு வந்தா. கால்களை ஊறவைத்து சவர அலகால் வெட்டிப் பார்த்தா. அலகு முறிந்தது. பிறகு கலியாணத்துக்கென்று தீட்டி வைத்திருந்த பாக்குவெட்டி வந்தது. முதல் வெட்டில் பறந்த துண்டு நாயில் பட்டது. அது வீதிவரை ஓடியது.

"சோறு கொண்டு வரேக்க ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை."

"சோறு கேக்கலாம் பிள்ளை. உங்களுக்கு முன்னாலை எப்பிடிக் காலை நீட்டிறது?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. "மற்றக் காலைத் தாங்கோ" என்றா.

கலியாணத்துக்கு அவர் புதுச் செருப்போடு நடந்து வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து கால்களைத் தாராளமாக நீட்டியதில், பாயாசம் கொண்டுவந்தவர் இரண்டு தரம் இடறினார். மணமக்கள் காலில் விழுந்தபோது கால்கள் அசையவில்லை. பாக்குவெட்டியை அவித்துக் கழுவியதாக அக்கா சத்தியம் செய்தா. ஆனாலும் தட்டம் என்னிடம் வந்தபோது வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நகம் வெட்டிய அன்று மாலையே படிவத்தில் என் கையெழுத்தை வெட்டிவிட்டு, பதின்மூன்றாவது கேள்வி ஒன்றை எழுதினேன்: கால் நகம் வெட்ட ஆள் உண்டா. மனிதர்கள் கேட்கக் கூச்சப்படாத உதவியை மட்டும்தான் கேட்கிறார்கள் என்பதைத் தரையில் தவழ்ந்து படித்தவன் நான். இன்றும் தனியாக இருப்பவர் ஒருவரைப் பார்க்கப் போனால், சாப்பிட்டாச்சா என்று வாய் கேட்க முன்னர் என் கண் கதிரைக்கு அடியில் போய் வந்துவிடுகிறது.