ஏழாம் நம்பர் இப்போது புறப்படாது

என் மனைவியின் குரலைக் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. முகத்தைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. நகரப் பேருந்து நிலையத்தின் மாடியில் ஒரு ஜன்னலும் ஒரு மைக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள அறையில் பதினாறு வருடம் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அறிவித்துக்கொண்டிருந்தாள். கீழே, அதே நிலையத்தில், நான் ஏழாம் நம்பர் தடத்தில் ஒரு தனியார் பேருந்தை ஓட்டினேன். காலையில் ஒரே ஸ்கூட்டரில் வருவோம். அவள் படியேறிப் போவாள். நான் கண்ணாடியைத் துடைக்கப் போவேன்.

ஏழாம் நம்பர் என்றால் நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனை வழியாக மில் வாசல் வரை. இருபத்திரண்டு வண்டி, ஒன்பது முதலாளிகள். எட்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்ப வேண்டும் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்ட அட்டவணை, நிலைய மேலாளர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. எத்தனை பேரை ஏற்றுகிறோமோ அதற்கேற்பப் படி. அதனால் வண்டி நிறையும்வரை மேடையில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்போம். வெளியே வந்துவிட்டால், முன்னால் போகிற வண்டியை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்தில் ஆள் கிடைக்கும். எனவே பறப்போம். மூன்று வண்டி ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். அதன் பிறகு முக்கால் மணி நேரத்துக்கு ஒன்றுமே வராது.

இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். சக ஓட்டுநர்கள் என்னை ராக்கெட் என்பார்கள். பாஸ் வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறுத்தத்தில் நிற்பதைக் கண்டால் என் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அமுக்கும். அன்றைக்கு அதற்காக நான் வெட்கப்படவில்லை. இப்போது படுகிறேன்.

ஒருநாள் காலை, ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் தடுமாறித் தடுமாறி மாடிப்படி ஏறி அவள் அறைக்கே வந்துவிட்டார்.

"மைக்குல பேசுறது நீங்கதானாம்மா?"

"ஆமாங்கய்யா."

"ஏழாம் நம்பர் அஞ்சு நிமிஷத்துல கிளம்பும்னு மூணு தடவை சொன்னீங்க. நம்பி ஏறி உக்காந்தேன். அம்பது நிமிஷம் ஆச்சு. இன்னிக்குக் கட்டுப் பிரிக்கிற நாள், பத்து மணியோட டாக்டர் எழுந்து போயிருவாரு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சுதான் சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

தெரிந்துதான் சொன்னாள். மேலாளர் கொடுத்த தாளில் இருப்பதை வாசிப்பதுதான் அவள் வேலை. ஆனால் எது எப்போது உண்மையில் கிளம்பியது என்பதை, யாரும் கேட்காமலே, பல வருடங்களாக ஒரு நோட்டில் குறித்து வந்தாள். வீட்டில் பால் பொங்கும் நேரத்தைக்கூடக் கடிகாரம் பார்த்துச் சொல்கிறவள்.

மறுநாள் நான் இரண்டாம் மேடையில் வண்டியைப் போட்டுவிட்டு, கதவோரம் நின்று கூவிக்கொண்டிருந்தேன். பாதி நிறைந்திருந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் கவனத்திற்கு. இரண்டாம் மேடையில் நிற்கும் ஏழாம் நம்பர் பேருந்து இப்போது புறப்படாது. வண்டி நிறையும்வரை ஓட்டுநர் காத்திருக்கிறார். மருத்துவமனைக்கு அவசரமாகச் செல்பவர்கள், ஐந்தாம் மேடையிலிருந்து நான்கு நிமிடத்தில் கிளம்பும் பன்னிரண்டாம் நம்பரில் ஏறிக்கொள்ளலாம்."

எப்போதும் பேசுகிற அதே நிதானமான குரல். என் வண்டியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள். ஒரு அம்மா இறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டே போனார். என் கண்டக்டர் டிக்கெட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, மேல இருக்கிறது அண்ணிதானே?"

"வேற யாரு?"

"நம்ம வண்டின்னு தெரிஞ்சிருக்காதோ?"

ஜன்னலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே தெரிந்திருந்தது.

அன்று மதியம் வீட்டுச் சமையலறையில் நான் கத்தினேன். "ஊர்ல இருபத்திரண்டு வண்டி ஓடுது. உனக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

"அந்த நேரத்துக்கு மேடையில நின்னது உங்க வண்டிதாங்க. நான் சொன்னதுல பொய் இருக்கா?"

"பொய் இல்ல. ஆனா..."

"அப்ப ஆனாவை விடுங்க."

ஒன்பது நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் ஸ்கூட்டர் ஒன்றுதான் இருந்தது. பேசாமலே ஏறுவாள், பேசாமலே இறங்குவாள். கல்லூரிக்குப் போகும் எங்கள் மகள் தபால்காரி ஆனாள். "அப்பாகிட்ட சொல்லு, சாவி ஆணியில தொங்குதுன்னு" என்பாள் அவள். "அம்மா, அப்பா உங்க பக்கத்துல ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறாரு" என்பாள் மகள். இதற்கிடையே மைக் ஓயவில்லை. எல்லா வண்டிக்கும் உண்மையைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்து, நோட்டில் குறித்துவிட்டு, அடுத்ததைச் சொன்னாள்.

முதலாளிகள் ஒன்பது பேரும் சேர்ந்து புகார் எழுதினார்கள்: வேலை வரம்பை மீறுகிறார், தொழிலுக்கு இடைஞ்சல் செய்கிறார். போக்குவரத்து அதிகாரி விசாரணைக்குத் தேதி குறித்தார். எங்கள் முதலாளிக்கு அந்தத் தடத்தில் ஏழு வண்டிகள். அவர் என்னைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டார்.

"நீயே வந்து சொல்லிடு. வீட்டுல சண்டை, அந்தக் கோவத்துல அவ மைக்குல பேசிட்டான்னு. வீட்டுக்காரனே சொன்னா அதுக்கு மேல சாட்சி எதுக்கு? விஷயம் முடிஞ்சுது."

நான் சரி என்று தலையை ஆட்டினேன். அதை மறைத்துப் பயனில்லை. ஆட்டினேன்.

விசாரணை அறையில் நீளமான மேஜை. ஒரு பக்கம் முதலாளிகள், நடுவில் நான், எதிர்ப்பக்கம் அவள் தனியாக. கறிகாய் வாங்கும் பையில் பதினேழு நோட்டுகள் கொண்டுவந்திருந்தாள். அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். ஒவ்வொரு நோட்டாகப் பிரித்தார். வண்டி ஓடிய நேரம் எழுதும் டிரிப் ஷீட்டுகளை முதலாளிகளிடமிருந்து வரவழைத்துப் பக்கத்தில் வைத்தார். ஷீட்டில் எல்லா வண்டியும் எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக, அச்சு அடித்ததுபோல ஓடியிருந்தது. நோட்டில் இருந்ததோ வேறு ஏதோ ஊர்.

எங்கள் முதலாளி எழுந்தார். "சார், இது போட்டி இருக்கிற தொழில். போட்டி இருந்தாத்தான் ஜனங்களுக்கு நல்ல சேவை கிடைக்கும். மணி அடிச்சா ஓடுன்னா எவன் ஓட்டுவான்?"

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். மைக் இல்லாமல் அவள் பொது இடத்தில் பேசி நான் கேட்டதில்லை.

"போட்டி இருக்கட்டும் சார். யாரு வண்டி சுத்தமா இருக்கு, யாரு சொன்ன நேரத்துக்கு வராங்க, யாரு வயசானவங்களைக் கைகொடுத்து ஏத்துறாங்கன்னு போட்டி போடட்டும். ஒரே ஆளைப் பிடிக்க மூணு வண்டி முட்டிக்கிறதும், அப்புறம் முக்கால் மணி நேரம் வண்டியே இல்லாம ஜனங்க நிறுத்தத்துல காயுறதும் எந்த ஊருப் போட்டி? நான் எண்ணிப் பாத்திருக்கேன். வண்டி குறைச்சல் இல்ல சார். சீரான இடைவெளிதான் குறைச்சல்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். என் வண்டி எண் உள்ள பக்கத்தை நீட்டினார். "இந்தத் தேதியில நீங்க முப்பத்தோரு நிமிஷம் மேடையில நின்னதா எழுதியிருக்காங்க. சரியா?"

முதலாளி தொண்டையைக் கனைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். சின்னச் சின்ன எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் கீழே ஒரு நேர்கோடு. என் பெயருக்காக ஒரு நிமிடம்கூடக் குறைத்துப் போடவில்லை, கோபத்தில் ஒரு நிமிடம்கூடக் கூட்டிப் போடவும் இல்லை.

"சரியில்ல சார்" என்றேன்.

முதலாளி முகம் மலர்ந்தது. அவள் தலை நிமிரவில்லை.

"முப்பத்தொண்ணு இல்ல. முப்பத்தொன்பது. வெளி வாசலைத் தாண்டினதும் பெட்ரோல் பங்க் ஓரமா இன்னொரு எட்டு நிமிஷம் நிப்போம். அது அவங்க ஜன்னலுக்குத் தெரியாது. எல்லா வண்டியும் நிக்கும் சார். நான்தான் ரொம்ப நேரம் நிப்பேன்."

அறையில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த எட்டு நிமிடத்தை நோட்டில் குறித்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அங்கேயே குறித்துக்கொண்டாள்.

அன்று மாலையே என் வேலை போயிற்று. ஏழு மாதம் தண்ணீர் லாரி ஓட்டினேன். அந்த ஏழு மாதமும் முதலாளிகள் மேலே கீழே என்று ஓடிப் பார்த்தார்கள். கடைசியில் உத்தரவு வந்தது. ஏழாம் நம்பரின் ஒன்பது முதலாளிகளும் ஒரே சங்கம். வசூல் பொதுவில் சேரும். ஓடிய நடைக்கேற்பப் பங்கு. ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் மாதச் சம்பளம், படி கிடையாது. எட்டு நிமிட இடைவெளி. அதைக் காக்க ஒரு டைம் கீப்பர். அவர் நேரச் சீட்டில் கையெழுத்துப் போடாமல் வண்டி நகரக்கூடாது; முந்துகிற ஓட்டுநரை நிறுத்திவைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. யாரை நியமிப்பது என்று அதிகாரி அதிக நேரம் யோசிக்கவில்லை.

அவளுக்கு நிலைய வாசலில் ஒரு தகரக் கூண்டு கொடுத்தார்கள். மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள், பெட்ரோல் பங்க் தெரியும்படி.

இன்னொரு முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். இரண்டாவது வாரம், பழக்கதோஷம், மருத்துவமனை வளைவில் முன்வண்டியை முந்திவிட்டேன். அந்த வண்டிக்கு முன்னாலேயே நிலையத்துக்குத் திரும்பி வந்து சீட்டை நீட்டினேன். அவள் கையெழுத்துப் போடவில்லை.

"மூணு நாள் வண்டி எடுக்கக் கூடாது. காரணம் எழுதியிருக்கேன், படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"நான் யாருன்னு தெரியுதுல்ல?"

"தெரியுது. ஏழாம் நம்பர், ஆறாவது வண்டி. பின்னாடி ஆள் நிக்குது, நகருங்க."

வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்றோடு அவளிடம் சலுகை கேட்க யாரும் வரவில்லை. வீட்டுக்காரனுக்கே மூன்று நாள் என்றால் மற்றவனுக்கு எத்தனை நாள் என்று அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். நான் மூன்று நாளும் வீட்டில் சமைத்தேன். யார் கேட்டாலும், ஏன் வீட்டில் இருக்கிறேன் என்று மறைக்காமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. என்ன கணக்கு அது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டு முதலாளிகள் பெர்மிட்டை விற்றுவிட்டுப் போனார்கள். மழை நாளில் இன்னும் கொத்தாகத்தான் வருகிறோம். ஆனால் இந்த வருடம் பன்னிரண்டாம் நம்பர் முதலாளிகள் அவர்களாகவே மனு கொடுத்திருக்கிறார்கள், தங்கள் தடத்துக்கும் இதேபோல் வேண்டுமென்று. போன மாதம் பக்கத்து நகரத்திலிருந்து ஐந்து அதிகாரிகள் கார் போட்டு வந்து, அவள் கூண்டுக்கு முன்னால் வெயிலில் நின்று, அவள் சொல்வதை எழுதிக்கொண்டார்கள். நான் நாலு வண்டி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒருவர் ஏதோ நீளமாகக் கேட்டார். அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் சார். வண்டிக்கு நேரமாச்சு."