திருக்காஞ்சியில் மாமாவைத் தேடியது

மாசி மகத்துக்கு முந்தின நாள், பெரியப்பா அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நாளைக்குத் திருக்காஞ்சி போறோம். ஆத்துல அவனத் தலைமுழுகிட்டு வந்துடு. அப்புறம் ஆவ வேண்டியத நான் பாத்துக்கறேன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறம் அத்தை கையில் அப்படியே நின்றது.

எனக்கு அப்போது ஏழு வயது. 'அவன்' யார் என்பது தெரியும். அத்தையின் கணவர், என் மாமா. கல்யாணமான மறு வருஷமே சொல்தாவாகச் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறியவர். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களை நாங்கள் சொல்தா என்றுதான் சொல்வோம். முதலில் கடிதங்கள் வந்தன, பிறகு நின்றுபோயின. அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். மாமாவின் முகத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பெரிய மீசை, பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கோட்டு. அந்தத் தை மாதம் சைகோனிலிருந்து திரும்பிய யாரோ ஒருவர் பெரியப்பாவைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிட்டது.

தலைமுழுகுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைகளில் அம்மா என்னை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு எண்ணெயும் சீயக்காயும் தேய்ப்பாளே, அது. ஆகவே மாமா வருகிறார், அத்தை ஆற்றில் வைத்து அவர் தலையைத் தேய்த்துவிடப் போகிறாள் என்று முடிவு செய்தேன். இவ்வளவு நல்ல சேதியைப் பெரியப்பா ஏன் இப்படிக் கடுகடுவென்று சொல்ல வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

மறுநாள் விடியற்காலை ரயிலில் என்னால் ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை. ஏறுகிறவர்களின் மீசைகளை எல்லாம் பார்த்தேன். "காலுல சக்கரமா கட்டியிருக்கு" என்று அம்மா தொடையில் கிள்ளினாள். வில்லியனூரில் இறங்கித் திருக்காஞ்சிக்கு நடந்தோம். வழியெல்லாம் ஜனம். நான் ஓடுவதும், நின்று திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தேன். அத்தை மட்டும் யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அத்தை முழங்காலளவில் இறங்கி நின்றுவிட்டாள். கரையில் மேளம் அதிர்ந்தது. தீர்த்தவாரிக்குச் சாமி இறங்கியதும் எங்களைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முழுகி எழுந்தார்கள். அம்மாவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினாள். அத்தை மட்டும் அசையவில்லை.

"முழுகேன். இன்னும் எதுக்கு நிக்கற?" என்றார் பெரியப்பா கரையிலிருந்து.

எதற்கென்று எனக்குத் தெரிந்தது. மாமா இன்னும் வரவில்லை, அத்தை காத்திருக்கிறாள். யாரும் தேடிப் போகாததால் நானே போனேன்.

ஈரச்சேலைகளுக்கு நடுவே புகுந்து, வளையல் கடைகளைத் தாண்டி ஓடினேன். கரும்புக்கட்டு ஒன்றின் பக்கத்தில் பித்தளைப் பொத்தான்கள் தெரிந்தன. அதே கோட்டு. மீசை மட்டும் நரைத்திருந்தது. நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, உங்களத் தலைமுழுக அத்தை காத்துக்கிட்டிருக்காங்க. சீக்கிரம் வாங்க."

அவர் குனிந்து பார்த்தார். "என்னையா?"

"நீங்க சைகோன் சொல்தாதானே?"

"சைகோன்லயும் இருந்தேன்" என்றார் தயங்கி. "நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. வழிதவறிய குழந்தை என்று நினைத்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானோ அவரை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அதற்குள் என்னைக் காணோம் என்று அங்கே ஒரே அமளி. அத்தை தண்ணீரில் நின்றபடியே கண்களால் கரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டாள். முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்த்திருக்க வேண்டும். கை தானாக எழுந்து நெற்றி முடியை ஒதுக்கியது. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அத்தை அவ்வளவு அழகு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஓரடி எங்களை நோக்கி எடுத்தும் வைத்தாள்.

நாங்கள் நெருங்கினோம். அவர் முகம் தெளிவாகத் தெரிந்திருக்கும். அத்தை நின்றாள். பிறகு திரும்பி, ஆழமான பக்கமாக நடந்துபோய் முழுகினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது முறை எழ வெகுநேரம் ஆனது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், பெரியப்பா வேட்டியோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். அத்தை எழுந்து, முகத்தை வழித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் கரையேறினாள். அந்த சொல்தா பெரியவர் ஒன்றும் கேட்காமல் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார். பெரியப்பா என்னை அடிக்கக் கை ஓங்கியபோது அத்தை நடுவில் வந்து நின்றாள்.

மாமாவுக்கு சைகோனில் வேறொரு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அத்தை அந்த ஆனியிலேயே பெண்கள் பள்ளி ஒன்றில் தையல் கற்றுக்கொடுக்கப் போனாள். அவர் பெயரை மறுபடி அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று திரும்பும் ரயிலில் அவள் மடியில்தான் படுத்திருந்தேன். ஆள் மாறிப்போனது எனக்குப் பெரும் அவமானமாக இருந்தது.

"அடுத்த மாசி மகத்துக்கு இன்னும் நல்லாத் தேடறேன் அத்தை" என்றேன்.

அவள் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்மதம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.