இரண்டு நிமிஷம் என்று சொன்னேன்

பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. சின்னவளுக்கு இரண்டு. நான் ஏற்காட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். கணவர் சேலத்தில் சுற்றுலா வேன் ஓட்டினார். சீசனில் வாரத்துக்கு ஒரு நாள்தான் மலையேறி வருவார். இது போதாதென்று நான் வீட்டிலிருந்தே இன்னொரு வேலையும் பார்த்தேன். வெளியூர்க் கம்பெனி ஒன்று ஒலிப்பதிவுகளை அனுப்பும். வாஷிங் மெஷின் சுற்றவில்லை, ஃபிரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது என்று யார் யாரோ போனில் சொன்ன புகார்கள். அவற்றைக் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்து, சொன்ன நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு முறை தாமதித்தால் மூன்றாவது முறை வேலை வராது.

பகலில் சின்னவளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். முன்பு விடுதியில் சமையல் செய்தவர், தனியாக இருப்பவர். மாலை நான்கரைக்குப் பெரியவளைக் கூட்டிக்கொண்டு, சின்னவளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு டிவியைப் போட்டு இருவரையும் முன் அறையில் உட்கார வைப்பேன். சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவேன். முன் அறைக்கு சிமென்ட் சீட்டுக் கூரை. மழை விழுந்தால் அங்கே ஒரு பேச்சும் காதில் விழாது. சமையலறைக்கு மட்டும்தான் தளம் போட்டிருந்தார்கள். அதற்குள்ளும் மழைச் சத்தம் வரும் என்பதால் காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கியிருந்தேன்.

பெரியவளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். ஆரம்பத்தில் அவள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து என் தோளைத் தட்டுவாள். பென்சில் முனை உடைந்துவிட்டது, பாப்பா என் பொம்மையைத் தரமாட்டேன் என்கிறாள், இப்படி. ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "இது அம்மா காதுல இருந்தா அம்மா ஊட்டுல இல்லைன்னு நெனச்சுக்கோ கண்ணு. கழட்டுன பொறவு வந்து சொல்லு" என்றேன். இரண்டு முறை அதை மீறி வந்தபோது அடித்தேன். அதன்பிறகு அவள் வரவில்லை. அலுவலகத்தில் மற்றவர்களிடம் என் மகள் தொந்தரவே பண்ணமாட்டாள் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஐப்பசியில் ஒருநாள் விடாத மழை. பெரியவளின் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். எனக்கு அலுவலகம் உண்டு. அக்கா ஒரு சாவுக்காகச் செம்மநத்தம் போயிருந்தார். காலையில் சின்னவளுக்கு உடம்பு சுட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எங்கள் தலைமை ஆசிரியரான சிஸ்டருக்குப் போன் செய்து லீவு கேட்டேன். அவரும் மறுக்காமல் கொடுத்தார். போனை வைத்ததும் என் மனதில் முதலில் வந்தது காய்ச்சல் இல்லை. முழுப் பகலும் கையில் கிடைத்திருக்கிறது, தேங்கிக் கிடக்கும் ஒலிப்பதிவுகளை முடித்துவிடலாம் என்பதுதான். இதை எழுதவே எனக்கு இரண்டு வருஷமாயிற்று.

காய்ச்சல் மருந்து கொடுத்து, சின்னவளை முன் அறைக் கட்டிலில் படுக்க வைத்தேன். தூங்கிப் போனாள். பெரியவளிடம் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி டிவியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மழை கூரையை அடித்துக்கொண்டிருந்தது. ஒலியை முழுக்கக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

ஒரு பதிவு முடிந்தது. அடுத்ததைத் தொடங்குவதற்கு முன் தண்ணீர் குடிக்கலாமென்று ஹெட்போனைக் கழற்றித் திரும்பினேன். பெரியவள் சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கைகளை முன்னால் கோத்து, பள்ளியில் ஆசிரியருக்குக் காத்திருப்பதைப் போல நின்றாள். நான் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, பாப்பா கையக் கால ஆட்டிக்கிட்டே இருக்குது. கூப்பிட்டா பேச மாட்டேங்குது."

முன் அறைக்கு ஓடினேன். சின்னவளின் கண்கள் மேலே செருகியிருந்தன. வாயோரம் நுரை. உதடு நீலமாகியிருந்தது. வலது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தூக்கினேன். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. வெறுங்காலோடு மழையில் ரோட்டுக்கு ஓடினேன். பெரியவள் பின்னாலேயே வந்தாள். மேல் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மேலிருந்து ஜீப்பில் வந்துகொண்டிருந்தார். அதிகம் பழக்கமில்லாத மனிதர். எதுவும் கேட்காமல் கதவைத் திறந்து எங்களை ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். அங்கே ஊசி போட்ட பிறகு இழுப்பு நின்றது. ஆம்புலன்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அடிவாரம் வந்து சேரும்வரை சின்னவள் கண் திறக்கவில்லை. பெரியவள் எதிர் இருக்கையில் சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தாள். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஒரு முறைகூட என்னை அழைக்கவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்தான் கவனித்து அவளுக்குப் பை கொடுத்தார்.

சேலம் ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, வலிப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்பது. நான் பார்த்த பிறகு ஊசி போடும்வரை எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் என்பது சுத்தமாகத் தெரியாது. வலிப்பு வந்தபோது பக்கத்திலேயே இருந்தீர்களா என்று கேட்டார். இருந்தேன் என்றேன்.

"எத்தனை நிமிஷம் இருக்குங்கம்மா?"

"ரெண்டு நிமிஷம் இருக்குங்க. உடனே தூக்கிட்டு ஓடிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள விட்டு விட்டு வந்துச்சுங்க."

அவர் எழுதிக்கொண்டார். பெரியவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கணவர் வந்து சேர்ந்த பிறகு, அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுக்க ஆஸ்பத்திரி வாசலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே மெதுவாகக் கேட்டேன், நீ எவ்வளவு நேரம் கண்ணு நின்னுட்டு இருந்தே என்று. அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. யோசித்துச் சொன்னாள்.

"ஒரு கார்ட்டூன் முடிஞ்சு, விளம்பரம் வந்து, அடுத்தது ஆரம்பிச்சுச்சு."

நான் அவளிடம் இதை அப்பாவிடம் சொல்லாதே என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவளாகவே சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் வலிப்புதான், பெரும்பாலும் வளர வளரப் போய்விடும் என்றார்கள். சிஸ்டரும் மற்றவர்களும் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். பிள்ளைக்காக லீவு எடுத்துக் கூடவே இருந்ததால்தான் காப்பாற்ற முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். மறுவாரமே ஒலிப்பதிவுகள் மறுபடி வரத் தொடங்கின. செய்தேன்.

தை மாதத்தில் சின்னவளுக்கு மறுபடி வந்தது. இந்த முறை காய்ச்சலே இல்லை. அக்காவின் மடியில் சோறு தின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பழையபடி சேலம். மருத்துவர் பழைய கோப்பைப் புரட்டினார். முதல் முறை இரண்டு நிமிஷம், இல்லையா என்றார். கணவர் பக்கத்தில் இருந்தார். நான் இல்லை என்றேன். காதில் ஹெட்போன் போட்டு வேலை செய்துகொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது, அரைமணி நேரம்கூட இருந்திருக்கலாம், பெரியவள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழவில்லை.

மருத்துவர் இரண்டு நிமிஷம் என்பதை அடித்துவிட்டு மேலே வேறு எழுதினார். அன்றைக்கே சொல்லியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனிமேல் தினமும் இரண்டு வேளை மருந்து, நிறுத்தக் கூடாது என்றார்.

கணவர் வேனில்தான் எங்களை மேலே கூட்டிவந்தார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே, "பெரிய புள்ளைய எதுக்குப் பயமுறுத்தி வெச்சே?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இறங்கி, சின்னவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா பயந்துபோனார். நொம்ப வருத்தந்தான், ஆனா எனக்குக் கை நடுங்குது, இனி என்னால பாத்துக்க முடியாதுங்க என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வலிப்பு வரும் குழந்தையை வேறு யாரிடம் விடுவது? பள்ளி வேலையை விட்டேன். ஒழுங்காகச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு, எது இதற்கெல்லாம் காரணமாக இருந்ததோ அதையே வைத்துக்கொண்டேன். வீட்டில் இருந்தபடி செய்யக்கூடியது அது ஒன்றுதான். முன் அறையில், கட்டிலைப் பார்த்தபடி, ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு செய்கிறேன். மழை நாளில் பாதி வார்த்தை தவறிப்போகும். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

சின்னவள் தாமதமாகத்தான் பேசினாள். இப்போது நான்கு வயதாகிறது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறாள், நிறையச் சிரிக்கிறாள். ஒருநாள் பெரியவளின் ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். வகுப்பிலேயே பாவாடையை நனைத்துவிட்டாளாம். போக வேண்டுமென்று கேட்கவே இல்லை, டீச்சர் எழுதி முடிக்கட்டும் என்று இருந்தாளாம். இவள் எதையுமே கேட்பதில்லைங்க என்றார் ஆசிரியை. வீட்டில் கண்டிப்பு அதிகமோ என்றும் கேட்டார். நான் நனைந்த பாவாடையைப் பையில் போட்டுக்கொண்டு அவளைக் கூட்டிவந்தேன். வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. பரவாயில்லைம்மா, துவைச்சா போயிடும் என்றாள்.

போன மாதம் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் சேலம் போனேன். ஒன்றரை வருஷமாகச் சின்னவளுக்கு வலிப்பு வரவில்லை. மருத்துவர் சோதித்துவிட்டு, இப்படியே இருந்தால் அடுத்த வருஷம் மருந்தைக் குறைக்கலாம் என்றார். நான் எழுந்தேன். பெரியவள் எழுந்திருக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க டாக்டர், மருந்தைக் குறைச்சா பாப்பாவுக்கு மறுபடியும் வருமுங்களா?" என்று கேட்டாள்.

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "வரலாம் சாமி. வராமயும் போகலாம். இப்பவே சொல்ல முடியாது" என்றார்.

அவள் தலையாட்டினாள். அந்தக் கேள்வியை அவள் எத்தனை நாள் வைத்திருந்தாளோ, என்னிடம் கேட்டதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் சின்னவள் தூங்கிவிட்டாள். பெரியவள் அவள் தலை கம்பியில் இடிக்காமல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். நான் மாற்றிக்கொள்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய பதிவு ஒன்று இருந்தது. சோறு போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து முடித்து அனுப்பினேன்.