பாப்பாவுக்கு யார் ஊட்டுவது

மரக்காணத்தில் உப்பளங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பவன் நான். உப்புக் காற்றில் எந்த இரும்பும் நிலைக்காது; வேலைக்குக் குறைவில்லை. என் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சென்னை, புதுச்சேரி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து ஓய்ந்த பிறகு, தத்தெடுக்கலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான்.

எனக்குத் தயக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் சூசையப்பர் சுரூபத்தின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். அவரும் தான் பெறாத பிள்ளையாகிய இயேசுவைத்தான் வளர்த்தார். அதை நினைக்க நினைக்க மனசு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. என் அண்ணன் மட்டும், யாருடைய ரத்தமோ என்று கடைசிவரை முணுமுணுத்தார்.

ஆன்லைனில் பதிந்தோம். போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் கொடுத்தோம். ஒரு பெண் அதிகாரி வந்து சமையலறை, குளியலறை, நாங்கள் படுக்கும் இடம் என்று பார்த்துவிட்டு, கைக்குழந்தை வேண்டுமென்றால் பல வருஷம் காத்திருக்க வேண்டும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் சீக்கிரம் கிடைக்கும் என்றார். நாங்கள் சரி என்றோம். அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. ஒருநாள் உப்பளத்தில் மோட்டாரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு போட்டோ வந்தது. ஏழு வயதுப் பெண். சிரிக்காமல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரீஸ் கையோடு அப்படியே வீட்டுக்கு ஓடினேன்.

வேறு மாவட்டத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தாள். தாய் தகப்பன் யாரும் இல்லை. முறைப்படி உத்தரவு வரும்வரை எங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். இல்லத்தில் சொல்லிக் கொடுத்திருந்தபடி என்னை அப்பா என்று கூப்பிட்டாள். வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல இருக்கும் அது.

ஒரு தொந்தரவும் தரவில்லை. தட்டைக் கழுவி வைப்பாள். என் மனைவி தைத்த கவுனை மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைப்பாள். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் மாறிப்போவாள். மணி என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். வாயில் வைத்த சோறு உள்ளே இறங்காது. முதலில் ருசி பிடிக்கவில்லை என்று நினைத்து என் மனைவி தினமும் விதவிதமாகச் செய்து பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் அவளை வண்டியில் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மணலில் உட்கார்ந்து கேட்டேன்.

"எங்க வீடு உனக்குப் புடிக்கலையாம்மா?"

"புடிச்சிருக்குது."

"அப்புறம் ஏன் சாப்பிட மாட்டேங்கிற?"

மணலைக் கிளறினாள். "பாப்பாவுக்கு வேற யாரு ஊட்டினாலும் துப்பிடும்" என்றாள்.

பாப்பா அந்த இல்லத்தில் இருந்த கால் விளங்காத சின்னப் பெண். இவள்தான் அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, மூன்று வேளையும் ஊட்டியிருக்கிறாள். யாரும் இவளிடம் ஒப்படைத்த வேலை இல்லை. எங்களிடமும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் பெண் அதிகாரிக்குப் போன் போட்டு, இரண்டு பேரையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றேன். பாப்பாவுக்கு அம்மா இருக்கிறாள், எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகிறாள், அந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்க முடியாது என்றார் அவர். கொஞ்ச நாள் போனால் உங்கள் பெண் மறந்துவிடுவாள், பொறுமையாக இருங்கள் என்றும் சொன்னார்.

பொறுமையாகத்தான் இருந்தோம். அவள் கழுத்தெலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது.

அந்த வயதுப் பிள்ளைக்குச் சம்மதமா என்று அதிகாரிகள் தனியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. அதற்காகக் கூப்பிட்ட நாளுக்கு முந்தின மாலை அவளிடம் சொன்னேன். "நாளைக்குக் கேப்பாங்க. உன் மனசுல இருக்கிறத சொல்லு. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்." அடுப்படியிலிருந்து என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலக வராந்தாவில் நாங்கள் பெஞ்சில் காத்திருந்தோம். உள்ளே அதிக நேரம் ஆகவில்லை. அதிகாரி வெளியே வந்து முகத்தைப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் எதுவும் சொல்வதற்கு முன்பே என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க அவகிட்ட அப்படிச் சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா நம்மகூடவே இருந்திருப்பா."

இருந்திருப்பாள். அது எனக்கும் தெரியும்.

திரும்பக் கொண்டுபோய் விட நாங்களே போனோம். இல்லத்து வாசலில் அவள் என் கையை விட்டாள். உள்ளே தரையில் உட்கார்ந்திருந்த பாப்பா இவளைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. அவ்வளவு கோபம். இவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் அதன் எதிரில் போய் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து, உதட்டருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து பாப்பா வாயைத் திறந்தது. போய்வருகிறோம் என்று நாங்கள் சொன்னபோது அவள் தலையாட்டினாள். கண் கிண்ணத்தில் இருந்தது.

திண்டிவனத்தில் பஸ் மாறினோம். மழை பிடித்துக்கொண்டது. பெருமுக்கல் மலையைத் தாண்டினோம். என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நல்லா ஊட்டுறா, இல்லைங்க?"

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. ஊர் வந்து சேர்ந்தபோது உப்பளங்களெல்லாம் தண்ணீருக்கடியில் கிடந்தன.

மறுபடியும் பதிவு செய்கிறீர்களா என்று அலுவலகத்திலிருந்து இரண்டொரு தடவை கேட்டார்கள். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.